காற்று குடிக்கும் நீர்

கோழிக்கு வேர்க்காது. வியர்வைச் சுரப்பியே அதன் தோலில் கிடையாது. வெயிலில் வேலை செய்தால் நமக்குச் சட்டை நனைகிறது. அந்த ஈரம் காயும்போது உடம்புச் சூட்டையும் சேர்த்துக் கொண்டுபோகிறது. கோழிக்கோ மேலெல்லாம் இறகு, உள்ளே எந்நேரமும் 41 டிகிரி செல்சியஸை ஒட்டிய உடல்வெப்பம். நமக்கு அது கடுங்காய்ச்சல், அதற்கு அதுதான் இயல்பு. வெளிக்காற்றும் 40, 41 என்று ஏறிவிட்டால் உள்ளே இருக்கும் சூடு தானாக வெளியேற இடமில்லை. அலகைத் திறந்து இரைப்பது ஒன்றுதான் அதற்கு மிச்சமிருக்கும் வழி.

நாமக்கல்லைச் சுற்றி புதுச்சத்திரம், மோகனூர், எருமப்பட்டி, சேந்தமங்கலம் என்று எந்தப் பக்கம் போனாலும் முட்டைக்கோழிப் பண்ணைகள்தான். ஏப்ரல் கடைசியில், பிற்பகல் மூன்று மணிவாக்கில் ஒரு கொட்டகைக்குள் நுழைந்தால் முதலில் உறைப்பது அமைதி. காலையில் காதைத் துளைத்த கொக்கரிப்பு அப்போது இருக்காது. கூண்டுகளில் கோழிகள் இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி, கழுத்தை நீட்டி, அலகைத் திறந்தபடி நிற்கும். தொண்டைத் தோல் விடாமல் துடிக்கும். சாதாரண நாளில் நிமிடத்துக்கு இருபது, முப்பது முறை மூச்சுவிடும் பறவை, இப்போது 150, 200 என்று இரைக்கும். தொட்டியில் மக்காச்சோளமும் சோயாவும் கலந்த தீவனம் போட்டபடி கிடக்கும்; தண்ணீர் வரும் நிப்பிளில் மட்டும் கொத்தல் ஓயாது. தீவனம் செரிக்கும்போதும் உடம்பில் சூடு பிறக்கும் என்பதால், தின்னாமல் இருப்பதும் கோழிக்குத் தற்காப்புதான்.

இந்த இரைப்பால் கோழி பிழைக்கிறது, முட்டை கெடுகிறது. வேகவேகமாக மூச்சுவிடும்போது ஈரத்தோடு சேர்ந்து ரத்தத்திலுள்ள கரியமில வாயுவும் அளவுக்கு மீறி வெளியேறுகிறது. ரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. முட்டை ஓடு என்பது ஏறக்குறைய முழுவதும் கால்சியம் கார்பனேட். ஓட்டுக்குக் கால்சியம் வேண்டும், கார்பனேட்டும் வேண்டும். தீவனம் எடுக்காததால் முதலாவது குறைகிறது, இரைத்ததால் இரண்டாவதும் குறைகிறது. ஒரு முட்டைக்கு ஓடு போட ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகும். அதில் பெரும்பகுதி வேலை இரவில்தான் நடக்கிறது. பகலில் தவித்த கோழி ராத்திரியாவது ஆறினால் ஓரளவு சமாளித்துக்கொள்ளும். ராத்திரியும் ஆறவில்லை என்றால் மறுநாள் அட்டையில் அடுக்கும்போது விரல் பட்டாலே கீறல் விடும் முட்டைகள் வரும். உடைசல் கூடும். இன்னும் இரண்டு மூன்று நாள் அப்படியே நீடித்தால் கோழியே சாகும்.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையத்தின் வானிலை ஆலோசனை உள்ளூர் நாளிதழ்களில் தவறாமல் வரும். அடுத்த சில நாள்களுக்குப் பகல் வெப்பம் இவ்வளவு, இரவு வெப்பம் இவ்வளவு, ஈரப்பதம் இவ்வளவு, காற்று எந்தத் திசையிலிருந்து என்ன வேகத்தில் வீசும் என்று அதில் இருக்கும். கோடையில் அதன் கீழே அடிக்கடி இன்னொரு வரியும் வரும்: ஆய்வகத்துக்கு வந்த இறந்த கோழிகளைப் பரிசோதித்ததில் பெரும்பாலானவை வெப்ப அயற்சியால் இறந்திருக்கின்றன என்று. அந்த வரியைக் கோழி வளர்க்காதவர்களும் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. சேலம், நாமக்கல் சமவெளியில் காற்று எப்படி மாறிவருகிறது என்பதை இவ்வளவு நெருக்கமாகச் சொல்லும் அளவுகோல் வேறொன்றும் நம்மிடம் இல்லை.

பண்ணையாளர்களும் சும்மா இருப்பதில்லை. கூரைக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள், தென்னங்கீற்று பரப்புவார்கள், மேலே தண்ணீர் தெளிப்பான் ஓட்டுவார்கள். தீவனத்தை வெயில் ஏறுமுன் அதிகாலையிலும், தாழ்ந்தபின் மாலையிலும் பிரித்துப் போடுவார்கள். தண்ணீரில் வைட்டமின் சி, சோடா உப்பு கலப்பார்கள். இரைத்து இழந்த பைகார்பனேட்டை உடம்புக்குத் திருப்பித் தரத்தான் அந்தச் சோடா உப்பு. கொட்டகைக்குள் பனிபோல நீர்த்துளி தெளிக்கும் ஃபாகர் இருக்கும். வசதி படைத்தவர்கள் முழுக்க மூடி, மின்விசிறியும் ஈரத் தட்டிகளும் வைத்துக் குளிரூட்டும் கொட்டகைக்கு மாறிவருகிறார்கள்.

இதில் ஃபாகர்தான் கவனிக்க வேண்டிய விஷயம். தெளித்த துளி ஆவியானால்தான் கொட்டகை குளிரும். ஒரு கிராம் நீர் ஆவியாகச் சுமார் 580 கலோரி வெப்பம் தேவை. அதை நீர் தன்னைச் சுற்றியுள்ள காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும், நமக்கு வேர்த்துக் காய்வதும், கோழி இரைத்துப் பிழைப்பதும் இதே கணக்கில்தான். ஆனால் காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருந்தால் துளி ஆவியாகாது. தரையை நனைக்கும், எருவை நனைக்கும், புழுக்கத்தைக் கூட்டும். எனவேதான் கோடை மழைக்கு முந்தைய, காற்றசையாத, மேகம் மூடிய நாள்கள் சுள்ளென்ற வெயிலைவிடப் பண்ணைக்குக் கெடுதல்.

ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். ஆவியாதலால் ஒரு பொருளை எவ்வளவு தாழ்வாகக் குளிர்விக்க முடியும் என்பதற்கு அதுதான் எல்லை. 42 டிகிரி வெயில், ஈரப்பதம் 20 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் 24 டிகிரி அளவில் நிற்கும். 36 டிகிரிதான் வெயில், ஆனால் ஈரப்பதம் 65 சதவீதம் என்றால் அது 30 டிகிரிக்குப் போய்விடும். முதல் நாள் செய்தியாகிறது. இரண்டாவது நாளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. உடம்புக்கு ஆபத்து கூடுதலாக இருப்பது இரண்டாவது நாளில்.

புவி வெப்பமாதல் என்றதும் நாம் வெப்பமானியை மட்டும் பார்க்கிறோம். நம் ஊருக்கு அது என்ன செய்கிறது என்று புரிந்துகொள்ளக் காற்றிலுள்ள நீராவியைப் பின்தொடர்வதே சரியான வழி. 30 டிகிரிக் காற்று ஒரு கன மீட்டருக்கு அதிகபட்சம் 30 கிராம் நீராவியை வைத்திருக்கும். 40 டிகிரியில் அதே ஒரு கன மீட்டருக்கு 51 கிராம். வெப்பம் பத்து டிகிரி கூடுவதற்குள் கொள்ளளவு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கூடிவிடுகிறது. ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 7 சதவீதம் என்று விஞ்ஞானிகள் கணக்குச் சொல்வார்கள். 19ஆம் நூற்றாண்டிலேயே கிளாசியஸ், கிளாபெய்ரான் என்ற இருவரின் பெயரால் நிலைபெற்ற கணக்கு இது. புதிதாக யாரும் கண்டுபிடித்துப் பயமுறுத்துவதில்லை.

கொள்ளளவு கூடிய காற்றுக்கு இடத்துக்கேற்ப இரண்டு குணம். கீழே நீர் குறைவாக இருக்கும் இடத்தில், கொள்ளளவுக்கும் கையிருப்புக்கும் உள்ள இடைவெளி விரிகிறது. காற்று எங்கே ஈரம் கிடைத்தாலும் உறிஞ்சுகிறது. மண்ணில், ஏரியில், மரவள்ளி இலையில், மனிதத் தோலில். கீழே கடல் இருக்கும் இடத்தில் காற்று நிறைய ஏற்றிக்கொண்டு, குளிரும் இடத்தில் மொத்தமாகக் கொட்டுகிறது. ஒரே காற்றுதான் ஓரிடத்தில் வறட்சியும் இன்னோரிடத்தில் பெருவெள்ளமும் ஆகிறது. சில ஆண்டுகளில் இரண்டும் ஒரே ஊரிலேயே சில மாத இடைவெளியில் நடக்கும். 2024ஆம் ஆண்டு நம் பக்கத்தில் அப்படித்தான் நடந்தது.

அந்த ஆண்டு அக்னி நட்சத்திரம் தொடங்குமுன்பே உச்ச வெயில் வந்துவிட்டது. ஏப்ரல் கடைசியிலும் மே முதல் சில நாள்களிலும் சேலத்தில் 41 டிகிரிக்கு மேல் பதிவானது. ஈரோடும் கரூர் பரமத்தியும் அதையும் தாண்டின. (செய்தியில் பரமத்தி என்று கேட்டுவிட்டு நாமக்கல் மாவட்டத்துப் பரமத்தி வேலூர் என்று நினைப்பவர்கள் உண்டு, வானிலை நிலையம் இருப்பது காவிரிக்கு அக்கரையிலுள்ள கரூர் மாவட்டத்துப் பரமத்தியில்.) எல் நினோ ஆண்டு என்பதால் பசிபிக் கடலின் பங்கும் அதில் உண்டு. ஆனால் அந்த ஏப்ரல் மாதத் தெற்காசிய வெப்பத்தை ஆராய்ந்த உலக வானிலைக் காரணப் பகுப்பாய்வுக் குழு, மனிதச் செயலால் வந்த வெப்பமாதல் அப்படிப்பட்ட ஏப்ரலுக்கான வாய்ப்பை ஏறத்தாழ 45 மடங்கு கூட்டியிருப்பதாகவும், வெப்பத்தில் 0.85 டிகிரியைச் சேர்த்திருப்பதாகவும் கணக்கிட்டது.

0.85 டிகிரி என்றால் ஒன்றுமே இல்லாததுபோலத் தோன்றும். சராசரி ஒரு டிகிரி நகர்ந்தால் வழக்கமான நாள்களில் பெரிதாக எதுவும் தெரியாதுதான். ஆனால் முன்பு எப்போதோ ஒருமுறை வந்துகொண்டிருந்த உச்ச நாள்கள் அடிக்கடி வரத் தொடங்கும். வாய்ப்பு 45 மடங்கு என்று பெருகுவது இதனால்தான். கோழிக்கும் பயிருக்கும் மனிதனுக்கும் தாங்குதிறனின் எல்லை ஒன்று இருக்கிறது. சராசரி அந்த எல்லையை நோக்கிக் கொஞ்சம் நகர்ந்தாலும், எல்லையைத் தாண்டும் நாள்களின் எண்ணிக்கை பல மடங்காகிறது.

அதே ஆண்டு மேட்டூர் அணையிலிருந்து குறுவைக்காக ஜூன் 12 அன்று திறக்க வேண்டிய நீர் திறக்கப்படவில்லை. அணையில் இருந்தால்தானே திறப்பதற்கு. ஜூலைத் தொடக்கத்தில் நீர்மட்டம் 40 அடி அளவில் கிடந்தது. முழுக் கொள்ளளவு 120 அடி. நீர் வெகுவாக இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பரிசல் துறைப் பக்கம் போனால், 1934இல் அணை கட்டி முடித்தபோது மூழ்கிப்போன ஊர்களின் மிச்சம் தெரியும். ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி முதுகைக் காட்டும், பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரம் தலைகாட்டும். பார்க்க ஊரே திரண்டு வரும். படம் எடுத்துக்கொள்வார்கள். நந்தி தெரிகிறதென்றால் கீழே டெல்டாவில் நடவு இல்லை என்று பொருள்.

அணையின் நீர்ப்பரப்பு நிரம்பியிருக்கும்போது சுமார் 150 சதுர கிலோமீட்டர். அதில் ஒரு மில்லிமீட்டர் உயர நீர் ஆவியானால் 15 கோடி லிட்டர் போயிற்று. கோடையில் ஒரு நாளைக்குப் பல மில்லிமீட்டர் போகும். காற்றின் தாகம் கூடக்கூட இந்தக் கணக்கும் கூடும். மதகு திறக்காமலே, கர்நாடகத்தோடு வழக்கு எதுவும் இல்லாமலே போகும் நீர் இது.

அடுத்து நடந்ததைத் தேதியோடு சொல்ல வேண்டும். ஜூலையில் குடகிலும் வயநாட்டிலும் மழை கொட்டியது. கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பி வழிந்தன. ஜூலை 28 அன்று மேட்டூர் திறக்கப்பட்டது; ஜூலை 30 அன்று அணை 120 அடியைத் தொட்டது. ஒரே மாதத்துக்குள் 80 அடி. அந்த ஜூலை 30 விடியற்காலையில்தான் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் மண்ணில் புதைந்தன. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சரிந்த மலைப்பகுதியின் நீர் மேற்கே சாலியாற்றுக்குப் போவது. அதே மாவட்டத்தின் கிழக்குச் சரிவில் பெய்வது கபினி வழியாகக் காவிரியில் சேர்ந்து மேட்டூருக்கு வருவது. ஒரே பருவமழை ஒருபக்கம் ஊரைப் புதைத்தது, மறுபக்கம் அணையை நிரப்பியது. நிலச்சரிவுக்குக் காரணமான அந்த ஒரு நாள் மழையின் தீவிரத்தை மனிதர்களால் வந்த வெப்பமாதல் ஏறத்தாழ 10 சதவீதம் கூட்டியதாக அதே பகுப்பாய்வுக் குழு மதிப்பிட்டது.

நிரம்பிய அணையிலிருந்து விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் உபரி நீர் திறக்கப்பட்டபோது குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் காவிரிக்கரை வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது. மூன்று மாதம் முன்பு குடத்தோடு குழாயடியில் காத்திருந்த குடும்பங்கள் முகாம்களுக்குப் போயின.

டிசம்பர் இன்னும் கடுமையாக இருந்தது. ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தது. கரை கடந்தால் ஆபத்து முடிந்தது என்று உள்மாவட்டக்காரர்கள் நினைப்பது வழக்கம். இது மெதுவாக, மிக மெதுவாக, மேற்கே நகர்ந்தது. வலு குறைந்தது, ஈரம் குறையவில்லை. வங்காள விரிகுடாவிலிருந்து ஈரக்காற்று தொடர்ந்து வந்து ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, சேர்வராயன் மலை என்று கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் மோதி மேலேறியது. மேலேறும் காற்று குளிரும். குளிர்ந்தால் கொள்ளளவு குறையும். சுமந்துவந்ததை இறக்கித்தான் ஆக வேண்டும். டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் பெய்திருந்தது. இன்று அது கிருஷ்ணகிரி மாவட்டம். 1965க்கு முன்பு பழைய சேலம் ஜில்லா. ஓராண்டு முழுக்கப் பெய்வதில் பாதிக்குக் குறையாத மழை, ஒரே நாளில். ஒரு ஏக்கர் நிலத்தின் மீது 20 லட்சம் லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேருந்து நிலையம் அருகே நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் அடித்துச் செல்லப்பட்டன. ஏற்காட்டில் 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்து மலைப்பாதையில் பாறைகளும் மண்ணும் சரிந்தன. அந்த நீர் திருமணிமுத்தாற்றில் இறங்கிச் சேலத்துத் தாழ்வான தெருக்களுக்குள் புகுந்தது.

ஒரு புயலை வைத்து எல்லாவற்றையும் புவி வெப்பமாதலின் தலையில் கட்டக்கூடாது. வங்கக் கடலில் புயல் புதிதல்ல, கிழக்குத் தொடர்ச்சி மலையும் நேற்று முளைத்ததல்ல. சூடான கடலின் மீதுள்ள காற்று கூடுதல் நீராவியோடு வருகிறது. ஆகவே பெய்யும்போது கூடுதலாகப் பெய்கிறது. இவ்வளவையும் உறுதியாகச் சொல்லலாம். இதோடு இன்னொரு விஷயம் சேர்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. பூமி ஒரு டிகிரி சூடானால் காற்றின் கொள்ளளவு 7 சதவீதம் கூடுகிறது. உலகின் மொத்த மழையளவோ 2, 3 சதவீதம்தான் கூடுகிறது. பெருமழை 7 சதவீத விகிதத்தில் வலுக்கும்போது மொத்தம் 3 சதவீதம்தான் கூடுமென்றால், எங்கேயோ கழிந்தாக வேண்டும். கழிவது சாரலிலும் மிதமான மழையிலும்தான். மண் உறிஞ்சிக்கொள்ளக்கூடிய, கிணறு ஊறக்கூடிய, மானாவாரி நிலக்கடலைக்கும் சோளத்துக்கும் போதுமான அந்த மழை நாள்கள் விலகிப் போகின்றன. மழைக்கும் மழைக்கும் இடைவெளி நீள்கிறது. ஆண்டு மழைக் கணக்கில் இயல்பு என்று எழுதப்பட்டிருக்கும். அதே ஆண்டில் திருச்செங்கோட்டு ரிக் வண்டி நம் தோட்டத்திலேயே ஆயிரம் அடி தாண்டித் துளை போட்டுக்கொண்டிருக்கும்.

கோடை மழையும் இந்தக் கணக்கிலிருந்து தப்பவில்லை. தரை கொதித்து, காற்று கனத்த ஈரத்தோடு மேலே பீறிட்டு எழும் நாளில் மாலை நான்கு மணிக்கு மேல் இடிமேகம் கட்டும். உள்ளே நீராவி நீராகும்போது, ஆவியானபோது எடுத்துக்கொண்ட வெப்பம் திரும்ப வெளிப்பட்டு மேகத்தை இன்னும் உயரத்துக்குத் தள்ளும். பிறகு மழையும் ஆலங்கட்டியுமாக இறங்கும்போது குளிர்ந்த காற்றும் சேர்ந்து தரையில் மோதிப் பரவும். அந்தச் சூறைக்காற்றில் பரமத்தி வேலூர், மோகனூர் பக்கம் குலை தள்ளிய வாழை பாதியில் முறியும், வெற்றிலைக் கொடிக்கால் சாயும். பத்து மாதம் தண்ணீர் பாய்ச்சி, முட்டுக் கொடுத்து வளர்த்தது கால் மணி நேரத்தில் போகும். மழை வந்ததே என்று சேலம் நகரம் மூச்சுவிடும் அதே மாலையில்.

இனி இரவுக்கு வருவோம். நீராவி காற்றில் வெறுமனே தங்கியிருப்பதில்லை. பகலில் சூடான தரை இரவில் அகச்சிவப்புக் கதிராக வெப்பத்தை விண்ணுக்கு அனுப்பித்தான் குளிர்கிறது. நீராவி அந்தக் கதிரைப் பிடித்துக்கொண்டு ஒரு பகுதியைத் தரைக்கே திருப்பி அனுப்புகிறது. காற்றில் ஈரம் கூடிய இரவு மெதுவாகத்தான் ஆறும். சேலம் வடக்கே சேர்வராயனும் நகரமலையும், தெற்கே ஜருகுமலையும், மேற்கே கஞ்சமலையும், கிழக்கே கோதுமலையும் சூழ்ந்த ஊர். காற்றோட்டம் குறைந்த அந்தப் பள்ளத்தில் ஏரிகள் தூர்ந்து கான்கிரீட் பெருகியிருக்கிறது. தளம் போட்ட வீட்டின் கூரை பகல் முழுக்க வாங்கிய வெயிலை நள்ளிரவு வரை வீட்டுக்குள் இறக்குகிறது.

வெப்ப அலை என்று வானிலைத் துறை அறிவிக்கச் சமவெளியில் குறைந்தது 40 டிகிரியும், இயல்பைவிட 4.5 டிகிரி கூடுதலும் வேண்டும்; இல்லையென்றால் வெயில் 45 டிகிரியை எட்ட வேண்டும். சேலத்தின் ஏப்ரல், மே மாத இயல்பே 37 டிகிரி அளவில் இருப்பதால் இந்த வரம்பை எட்டுவது அரிது. வெப்ப இரவு என்று தனியாக ஒரு வரையறை இருக்கிறது. அதற்கும் பகல் 40ஐத் தொட்டிருக்க வேண்டும். ஆக, பகல் 38, இரவு 29, ஈரம் மிகுதி என்று ஒரு வாரம் தொடர்ந்தாலும் எந்தப் பெயரும் அதற்குக் கிடையாது. கோழி சாவதும் ஓடு மெலிவதும் இப்படிப்பட்ட வாரங்களில்தான் என்பதைப் பண்ணைக்காரரைக் கேட்டால் தெரியும்.

மனித உடம்பின் நிலையும் வேறில்லை. ஈரக்குமிழ் 35 டிகிரிக்கு மேல் போனால் நிழலில் அமர்ந்திருப்பவர்கூடச் சில மணி நேரத்தில் உயிர் பிழைக்க முடியாது என்பது நெடுநாளாகச் சொல்லப்பட்டுவந்த எல்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளைஞர்களை வைத்துச் செய்து 2022இல் வெளியான ஆய்வு, உடம்பு தன் வெப்பத்தைக் கட்டுப்படுத்த முடியாமல் போகும் புள்ளி 31 டிகிரியை ஒட்டியே வந்துவிடுகிறது என்று காட்டியது. அவர்கள் ஆரோக்கியமானவர்கள், லேசான வேலை செய்தவர்கள். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெட்டவெளியில் வெல்டிங் வைப்பவர், பள்ளிபாளையத்தில் தகரக்கூரைத் தறிப்பட்டறையில் ஷிப்டு பார்ப்பவர், ஜவ்வரிசி ஆலைக் களத்தில் மாவு காயவைக்கும் பெண், நூறு நாள் வேலையில் ஏரி மண் சுமக்கும் அறுபது வயது அம்மா, இவர்களை யாரும் ஆய்வுக்கூடத்தில் உட்காரவைத்து அளக்கவில்லை. பகலில் உழைத்த இதயமும் சிறுநீரகமும் மீள்வது இரவுத் தூக்கத்தில். அந்தத் தூக்கம் தொடர்ந்து நாலைந்து நாள் கெட்டால் ஐந்தாம் நாள் மயங்கி விழுபவரின் இறப்புச் சான்றிதழில் மாரடைப்பு என்று இருக்கும், வெயில் என்று இருக்காது.

நீராவிதான் இத்தனைக்கும் காரணமா என்று கேட்டால், அது பெருக்குகிறது, தொடங்கிவைப்பதில்லை. காற்றில் ஏறிய நீராவி சராசரியாக ஒன்பது, பத்து நாளில் மழையாக இறங்கிவிடும். கரியமில வாயு அப்படி இறங்காது. ஒருமுறை ஏறினால் அதில் ஒரு பகுதி நூற்றாண்டுக் கணக்கில் இருக்கும். கரியமில வாயு பூமியைக் கொஞ்சம் சூடாக்குகிறது, சூடான காற்று கூடுதல் நீராவியை ஏந்துகிறது, அந்த நீராவி சூட்டை ஏறக்குறைய இரட்டிப்பாக்குகிறது. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. உலக வானிலை அமைப்பின் கணக்குப்படி 2024ஆம் ஆண்டின் உலகச் சராசரி வெப்பம் அந்தப் பழைய நிலையைவிட 1.55 டிகிரி கூடுதல். இந்தியாவிலும் 1901 முதல் பதிவான ஆண்டுகளில் அதுவே மிகச் சூடான ஆண்டு.

காரணத்தைத் தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. மேட்டூர் அணைக்குப் பக்கத்திலேயே 1,440 மெகாவாட் திறனுள்ள அனல்மின் நிலையம் நிற்கிறது. நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு வெளியேறும். குளிரூட்டிய கொட்டகையின் விசிறியும், சேலத்து வீட்டு ஏசியும் அதில்தான் ஓடுகின்றன. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. உலகம் வெளியேற்றும் மொத்தக் கரியமில வாயுவில் நம் பங்கு பணக்கார நாடுகளுடையதைப் போல இல்லை, தலைக்கு என்று பார்த்தால் மிகக் குறைவு. ஆனாலும் வெயில் ஏற ஏற விசிறி, விசிறிக்காக நிலக்கரி, நிலக்கரியால் வெயில் என்ற சுற்று நம் கண்ணெதிரே ஓடுகிறது. இங்கே ஆண்டில் பெரும்பகுதி நாள் வெயில் காய்கிறது, கொட்டகைக் கூரைகள் ஏக்கர் கணக்கில் கிடக்கின்றன. அந்தக் கூரையில் சூரியத் தகடு ஏறினால் மின்சாரமும் வரும், கூரைக்கு நிழலும் ஆகும். ஐயாயிரம், பத்தாயிரம் கோழி வைத்திருக்கும் சிறு பண்ணையாளர் குளிரூட்டும் கொட்டகைக்குக் கடன் வாங்கி மூழ்குவதற்குப் பதிலாக இதற்கு மானியம் கேட்டுப் பெறுவதில் நியாயம் இருக்கிறது.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் தர வழி செய்தது. வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால் அது இறப்புக்குப் பிறகு வரும் உதவி. இறக்காமலிருக்க என்ன செய்வது என்பதற்கு முன்மாதிரி நாமக்கல்லிலேயே பல ஆண்டுகளாக இருக்கிறது. பகல் வெப்பம், இரவு வெப்பம், ஈரப்பதம், காற்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, இன்று எத்தனை மணிக்குத் தீவனம் போடு, தண்ணீரில் எதைக் கல, எப்போது ஃபாகரை நிறுத்து என்று கோழிக்குச் சொல்லும் ஆலோசனை அது. மனிதருக்கு வருவதோ, பகல் 12 முதல் 3 வரை வெளியே போகாதீர்கள் என்ற ஒரே வரி, ஊர் முழுவதற்கும், ஆண்டுதோறும். தறிக்காரருக்கும் வெல்டருக்கும் களத்துப் பெண்ணுக்கும் ஈரக்குமிழ் அளவை வைத்துத் தனித்தனியாக ஆலோசனை எழுதலாம்: இன்று இரவு ஆறாது, நாளை ஷிப்டை விடியற்காலை நான்கு மணிக்கே தொடங்குங்கள், மணிக்கு ஒருமுறை கால் மணி நேரம் நிழலில் உட்காருங்கள், மோரும் உப்பும் பட்டறை முதலாளி கொடுக்க வேண்டும் என்று. அளக்கும் கருவி இருக்கிறது, கணிப்பு இருக்கிறது, எழுதத் தெரிந்தவர்களும் இதே மாவட்டத்தில் இருக்கிறார்கள். தொழிலாளர் துறையும் மாவட்ட நிர்வாகமும் அடுத்த மார்ச்சுக்குள் அதைத் தொடங்கிவிடலாம்.